எழுத்துக்கூட்டும் பிள்ளையும் எழுத மறுக்கும் பிள்ளையும்

வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் பிள்ளைகளைப் படிக்கவும் எழுதவும் பழக்குவது பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. தொடக்க வகுப்புகளில் தமிழ் கற்பிக்கும் அனுபவம் உள்ளவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

என் மகன் இரண்டாம் வகுப்பு. 'க' முதல் 'னௌ' வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் 'ம... ர... இம்' என்று நின்றுவிடுகிறான். 'மரம்' என்று சேர்த்துச் சொல்ல வரவில்லை. எங்கே கோளாறு?
– ஒரு தாய், முத்தியால்பேட்டை

விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: அந்த 'இம்'. மெய்யெழுத்துகளை இக், இங், இம், இல் என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்தே சொல்லித் தருகிறோம். அது எழுத்தின் பெயர், ஒலி இல்லை. பையன் பெயர்களை வரிசையாகச் சொல்கிறான். பெயர்களை எத்தனை வேகமாகச் சொன்னாலும் 'ம-ர-இம்' ஒருநாளும் 'மரம்' ஆகாது. உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். அதுதான் 'ம்'. நாக்கை மேலே ஒட்டி 'ல்ல்ல்' என்று இழுக்கச் சொல்லுங்கள். அதுதான் 'ல்'. ம், ல், ண், ன், ர், ழ் எல்லாம் இழுக்க வரும் ஒலிகள், அவற்றில் தொடங்குங்கள். க், ட், ப் இழுக்க வராதவை. அவற்றைத் தனியாகச் சொல்ல வைக்காமல் 'பட்', 'கட்' என்று முன் எழுத்தோடு ஒட்டியே காதில் போடுங்கள்.

இரண்டாவது கோளாறு வரிசை. தமிழ் எழுத்து 247. அதை வரிசையாக ஒப்பிப்பது பாட்டு மாதிரி, வாய் தானாக ஓடும். 'கீ'யை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். மனதுக்குள் 'க, கா, கி' என்று ஓடி வந்துதான் 'கீ' என்று சொல்வான். சில பிள்ளைகளுக்கு அதுவும் வராது. எனவே வரிசையைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 6 செ.மீ. சதுரமாக 9 துண்டு வெட்டுங்கள். ப, ட, ம, ர, க என்று ஐந்து. ம், ட், ல், ண் என்று நான்கு. இந்த 9 அட்டையில் படம், மடம், மரம், பட்டம், மட்டம், கட்டம், கடல், மடல், பகல், கல், பல், கண், மண் என 13 சொல் வரும். முதல் வாரம் இவ்வளவுதான். நீங்கள் சொல்லைச் சொல்ல, அவன் அட்டையைப் பொறுக்கி அடுக்கட்டும். மறுநாள் நீங்கள் அடுக்க, அவன் படிக்கட்டும். 'படம்' அட்டைகளுக்கு நடுவே 'ட்' நுழைந்தால் 'பட்டம்' ஆகிவிடுகிறது என்பதை அவன் விரலே கண்டுபிடிக்க வேண்டும். புள்ளிக்கு என்ன வேலை என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரியும்.

அடுத்த வாரம் துணைக்கால். பால், கால், பாடம், மாடம். அதன்பின் மேல்விலங்குகள்: ி, ீ. உகர ஊகாரத்தைத் தள்ளி வையுங்கள். கு, சு, டு, மு, று என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம், அதனால் குழப்பும். கடைசியில் ெ, ே, ை. இவை எழுதப்படுவது எழுத்துக்கு இடப்பக்கம், ஒலிப்பது எழுத்துக்குப் பிறகு. கண் ஒரு பக்கம் போக, வாய் இன்னொரு பக்கம் போக வேண்டும். 'மெ' என்பதில் முதலில் 'ம' மேல் விரல் வைத்து, பிறகு இடப்பக்கம் பார்க்கப் பழக்குங்கள். 'கொடி'யைச் சில பிள்ளைகள் 'கெ-ர-டி' என்று படிப்பதும் இதனால்தான். கையெழுத்தில் துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோலத் தெரிகின்றன. வீட்டில் எழுதிக் காட்டும்போது 'ர'வின் அடிக்கோட்டைச் சாய்த்து, தெளிவாக இழுங்கள்.

இன்னொன்று. பக்கம், பகல், கங்கை ஆகிய மூன்றிலும் ஒரே க-தான், ஆனால் ஒலி மூன்று விதம். பச்சை, பசி, மஞ்சள் மூன்றிலும் ச-வும் அப்படியே. இதற்கு விதி சொல்லிக் கொடுத்துப் பயனில்லை. சொல்லை முன்பே காதால் கேட்டிருக்கும் பிள்ளை தானாகச் சரியாகப் படிக்கும். கேட்டிராத பிள்ளை தடுமாறும். அதனால்தான் படிக்கத் தெரியாத வயதிலும் படித்துக் காட்டுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

நாளைக்குப் பத்து நிமிடம் போதும். 'இன்னும் ஒரு தடவை' என்று அவன் கேட்கும்போதே அட்டைகளை எடுத்து வைத்துவிடுங்கள்.

மகள் நான்காம் வகுப்பு, சி.பி.எஸ்.இ., ஆங்கில வழி. ஆங்கிலக் கதைப்புத்தகம் படிக்கிறாள். தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் 'கஷ்டமா இருக்குப்பா' என்று வைத்துவிடுகிறாள். வீட்டில் பேசுவது முழுக்கத் தமிழ்தான். பிறகு ஏன்?
– ஒரு தந்தை, வில்லியனூர்

வீட்டில் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் வேறு என்பதால்தான். வீட்டில் 'மாமா வந்துட்டாங்க', புத்தகத்தில் 'மாமா வந்துவிட்டார்கள்'. வீட்டில் 'மழை பேயுது', புத்தகத்தில் 'மழை பெய்கிறது'. உங்கள் மகள் இந்த வடிவங்களைச் செய்தி வாசிப்பில் தவிர வேறெங்கும் கேட்டிருக்க மாட்டாள். எழுத்துக்கூட்டி முடிக்கும்போது வருகிற சொல் அவளுக்குப் பழக்கமான சொல்லாக இல்லை. 'சரியாகப் படித்தேனா?' என்று அவளுக்கே சந்தேகம் வருகிறது. சோம்பேறித்தனம் என்று திட்டிவிடாதீர்கள்.

முதல் ஒரு மாதம் அவளைப் படிக்கச் சொல்ல வேண்டாம். இரவு படுக்கும் முன் 15 நிமிடம் நீங்கள் படியுங்கள், அவள் கேட்கட்டும். புத்தகத்தில் உள்ளபடியே படியுங்கள், பேச்சுத் தமிழாக மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் கதை புரியும், ஆனால் காது பழகாது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதா என்று கூச்சப்பட வேண்டாம். இந்த வயதிலும் பிள்ளையின் காது அதன் கண்ணைவிட முன்னே ஓடும்.

இரண்டாம் மாதம் சேர்ந்து படித்தல். பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் பரீட்சை ஆகிவிடும். புத்தகம் அவள் மடியில், வரியின் கீழ் அவள் விரல். இருவரும் ஒரே நேரத்தில் சத்தமாகப் படிக்க வேண்டும், வேகம் அவளுடையது. தனியாகப் படிக்கத் தோன்றும்போது பாயை ஒரு தட்டுத் தட்டட்டும், நீங்கள் நிறுத்திவிட வேண்டும். தவறாகப் படித்தால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பாதிப் பிழைகளை அவளே திரும்பி வந்து திருத்திவிடுவாள். திருத்தாவிட்டால் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள், விளக்கம் வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் போதும்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடத்தில். பெரியவர் வேகமாகப் போய்விடுவார், பிள்ளை வாலைப் பிடித்துக்கொண்டு முணுமுணுக்கும். அல்லது வரிக்கு வரி நிறுத்தி அர்த்தம் கேட்பார். அல்லது கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன நீதி தெரிஞ்சுகிட்டே?' என்பார். இந்த மூன்றாவதை அறவே விட்டுவிடுங்கள். கதை முடிந்ததும் தேர்வு வரும் என்று தெரிந்த பிள்ளை கதையையே வெறுக்கும்.

புத்தகம் அவளுக்கு ஏற்றதா என்று பார்க்க ஏறத்தாழ 100 சொல் உள்ள பகுதியைப் படிக்க வையுங்கள். இரண்டு மூன்று இடத்தில் தடுக்கினால் அவளே தனியாகப் படிக்கலாம். ஐந்துக்கு மேல் என்றால் சேர்ந்து படிக்க வேண்டிய புத்தகம். பத்தைத் தாண்டினால் நீங்கள் படித்துக்காட்ட வேண்டிய புத்தகம். அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

தமிழ்ப் புத்தகம் வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். வரி முடிவில் இடம் போதாவிட்டால் சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரியில் போடுவது தமிழ் அச்சில் வழக்கம், இணைப்புக் கோடும் போடுவதில்லை. 'விளையா' ஒரு வரி, 'டினார்கள்' அடுத்த வரி. பெரியவர்களுக்கு இது உறுத்தாது, புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் அர்த்தமில்லாத சொற்கள். 'வந்துகொண்டிருந்தபோதெல்லாம்' போல ஒட்டி நீளும் சொற்களும் அப்படித்தான். பக்கத்துக்கு நான்கைந்து வரி, பெரிய எழுத்து, சொல் உடையாத அச்சு, 16 முதல் 24 பக்கம், நிறைய உரையாடல். இப்படிப்பட்ட புத்தகமாகப் பொறுக்குங்கள். உரையாடல் பேச்சுத் தமிழில் இருந்தால் இன்னும் நல்லது, வீட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் அது ஒரு பாலம். படக்கதையும் புத்தகம்தான்.

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் புதுச்சேரியில் இருக்கிறது, சிறுவர் பிரிவும் உண்டு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அழைத்துப் போங்கள், தேர்வு அவளுடையதாக இருக்கட்டும். மூன்று புத்தகம் எடுத்து இரண்டைப் பாதியில் போட்டாலும் பரவாயில்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுத்தும் கொள்ளலாம். அறிவியலில் ஆர்வம் என்றால் 'துளிர்' மாத இதழ். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி சமயத்தில் 200 ரூபாயை அவள் கையிலேயே கொடுத்து, முழுவதையும் அவளே செலவழிக்கட்டும்.

நகரத்துக்குள் போகும்போது தெருப்பெயர்ப் பலகைகளையும் விடாதீர்கள். தமிழும் பிரெஞ்சுமாக எழுதிய நீலப் பலகைகள் வேறெந்த ஊர்ப் பிள்ளைக்கும் கிடைக்காத பாடப்புத்தகம். 'ரங்கப்பிள்ளை வீதி' என்று மூலைக்கு மூலை அவளே வாசித்து வழி சொல்லட்டும்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. மகனும் மருமகளும் விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போய்விடுவார்கள். பேரப்பிள்ளைகள் இரண்டும் என்னிடம்தான். எழுத்தறியாத ஆயா என்ன செய்ய முடியும்? (பக்கத்து வீட்டார் எழுதி அனுப்பியது)
– தேவனாம்பட்டினம், கடலூர்

ஆயா, நீங்கள் செய்யக்கூடியது நிறைய. பிள்ளைக்கு முதலில் வேண்டியது சொற்கள். அவற்றை எழுத்துத் தெரிந்தவர்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. கதை சொல்லுங்கள், விடுகதை போடுங்கள். கடலைப் பற்றி, காற்றைப் பற்றி, வலையில் ஏறும் மீன்களைப் பற்றி உங்களிடம் இருக்கும் சொற்கள் பல வாத்தியார்களிடம் இல்லை. நேற்றுச் சொன்ன கதையை இன்று பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 'இல்ல ஆயா, அப்படி இல்ல' என்று திருத்தினால் கதையின் கோர்வை பிள்ளையின் மனதில் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

தினக்காலண்டர் தாளைக் காலையில் கிழிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். கிழமை, தேதி, நல்ல நேரம், அன்றைக்கு என்ன விசேஷம், எல்லாவற்றையும் உங்களுக்கு உரக்கப் படித்துச் சொல்லட்டும். உங்களுக்கு நிஜமாகவே அது தெரிய வேண்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கும் அது புரியும். தப்புக் கண்டுபிடிக்காமல் கேட்கிற ஆள் கிடைத்தால் திக்குகிற பிள்ளையும் தைரியமாகப் படிக்கும். கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அதுவே எழுதும் காகிதம்: கடையில் வாங்க வேண்டியதை நீங்கள் சொல்ல, பெரியவன் எழுதட்டும். அவன் எழுதியதை வைத்துத்தான் கடைக்குப் போக வேண்டும். புளி விட்டுப்போனால் அடுத்த தடவை கவனமாக எழுதுவான்.

சின்னவளுக்குக் கடற்கரையின் ஈர மணலே பலகை. விரலால் ஒரு முழ உயரத்துக்குப் பெரிதாக எழுதட்டும். தோளும் முழங்கையும் சேர்ந்து அசைந்து பழகிய வளைவைப் பிறகு விரல் எளிதாகச் சுருக்கிக்கொள்ளும். ஒரு கண் மட்டும் அலை மேல் இருக்கட்டும்.

மூன்றாம் வகுப்பு மகன். பார்த்து எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் எழுதுகிறான். 'நீயா நாலு வரி எழுது' என்றால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எழுதினாலும் வரிக்கு மூன்று பிழை.
– ஒரு தாய், பண்ருட்டி

பார்த்து எழுதுவது கைக்கு வேலை. சொந்தமாக எழுதும்போது என்ன சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது, அந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து, அதை எப்படி வரைவது என்று நான்கு வேலை ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. முதல் இரண்டை வாயால் முடித்துவிட்டால் பாதிச் சுமை இறங்கும். முதலில் பேசுங்கள். 'இன்னிக்கு மண்டிக்குப் போனியே, என்ன பார்த்தே?' லாரியில் பலாப்பழம் ஏற்றியதை அவன் சொல்வான். அதை அவன் கண் முன்னால், அவன் சொன்ன சொல்லிலேயே, நீங்கள் எழுதுங்கள். 'பழம் உருண்டு ஓடிச்சு' என்றால் அப்படியே எழுதுங்கள். இதை ஒப்பாத ஆசிரியர்கள் உண்டு. எங்கள் கருத்து, முதல் மாதம் அவன் வாய்ச்சொல் காகிதத்தில் ஏறுகிறது என்ற வியப்புத்தான் முக்கியம். அடுத்த மாதம் பக்கத்திலேயே 'பழம் உருண்டு ஓடியது' என்றும் எழுதி, 'புத்தகத்துல இப்படி வரும்' என்று காட்டுங்கள். பிறகு நீங்கள் மூன்று வரி எழுத, கடைசி வரி அவனுடையது. அதற்குப் பிறகு நீங்கள் ஒன்று, அவன் மூன்று.

எழுதியதை யாராவது படிக்க வேண்டும். திருத்துவதற்காக அல்ல, செய்தி தெரிந்துகொள்வதற்காக. நெய்வேலியில் இருக்கும் அத்தைக்கு அஞ்சலட்டை, சமையலறைக் கதவில் அப்பாவுக்கு ஒரு சீட்டு, தேநீர் போடும் முறையை ஆறு வரியில். அவன் எழுதிய முறைப்படியே நீங்கள் போட்டுக் காட்டுங்கள். 'அடுப்பைப் பற்ற வை' என்று எழுத மறந்திருந்தால் பால் பச்சையாகவே இருக்கும்.

நாட்குறிப்பும் நல்லதுதான், ஆனால் 'காலை எழுந்தேன், பல் துலக்கினேன்' என்று ஓடும் நாட்குறிப்பு ஒரு வாரத்தில் சலித்துவிடும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பில் கப்பல் வந்தது, ஊரில் நடந்த பேச்சு, வியாபாரம் என்று கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் இருக்கின்றன. உங்கள் மகனுக்கும் அதே வழி: இன்று பார்த்த ஒன்று, கேட்ட ஒன்று, ஒரு விலை. மூன்று வரி. தேதி கட்டாயம்.

இனி பிழை. ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்தாதீர்கள், வாரத்துக்கு ஒரு வகை மட்டும். முதலில் புள்ளி விடுவதும் குறில் நெடில் மாறுவதும். 'கல்', 'கால்' மாறினால் பொருளே மாறுகிறது. அடுத்து ன, ண, ந. இதற்கு நம் முன்னோர் வைத்த பெயரிலேயே வழி இருக்கிறது. டண்ணகரம்: ட-வுக்கு முன் வருவது ண் (வண்டி). றன்னகரம்: ற-வுக்கு முன் ன் (கன்று). தந்நகரம்: த-வுக்கு முன் ந் (பந்து). சொல்லின் முதலில் ந மட்டுமே வரும், ன-வும் ண-வும் வராது. ர-றவுக்கும் ல-ள-ழவுக்கும் இப்படி எளிய வழி குறைவு. ர, ற இரண்டையும் பேச்சில் நாமே ஒன்றாகத்தான் ஒலிக்கிறோம். நிறையப் படிக்கப் படிக்கக் கண்ணுக்குப் பழகும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தி எழுத்தை ஐந்தாம் வகுப்புக்கு முன் தொடவே வேண்டாம். சிவப்பு மையும் வேண்டாம். அவன் 'வன்டி' என்று எழுதிய வரிக்குக் கீழே, 'எந்த வண்டி? லாரியா?' என்று பதில் எழுதுங்கள். சரியான வடிவம் அவன் கண்ணில் தானாகப் படும்.

எழுதியவை சேர்ந்ததும் அவற்றைப் படியெடுக்க ஒரு புத்தகம் தையுங்கள். நான்கு ஏ4 தாளைச் சேர்த்து நடுவில் மடித்தால் 16 பக்கம். மேலட்டைக்கு மாதக் காலண்டரின் கனத்த தாள். மடிப்பின் உயரம் 21 செ.மீ. சரிபாதியில், 10.5 செ.மீ.யில், ஒரு துளை. அதற்கு மேலும் கீழும் 6 செ.மீ. தள்ளி ஒவ்வொரு துளை. கோணியூசியால் நீங்கள் குத்திக் கொடுங்கள். 60 செ.மீ. தடித்த நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே இழுத்து, 8 செ.மீ. வாலை உள்ளே விடுங்கள். வெளியிலிருந்து மேல்துளையில் உள்ளே, உட்புறமாக நேரே இறங்கிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இப்போது நூலின் இரு முனையும் உள்ளே இருக்கும். நீளமாக ஓடும் நூல் இரண்டுக்கும் நடுவில் வரும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். எட்டுத் தாளுக்கு மேல் வைத்தால் புத்தகம் மூடாமல் வாய் பிளந்து நிற்கும். தைத்த பிறகு எழுதட்டும். தனித்தாளில் எழுதிவிட்டுத் தைத்தால் பக்க வரிசை கலைந்து, பிள்ளை அழும்.

பெண் குழந்தை இடக்கையால் எழுதுகிறாள். மாமியார் மாற்றச் சொல்கிறார். கை வலி என்றும் சொல்கிறாள்.
– குறிஞ்சிப்பாடி

மாற்ற வேண்டாம். இடக்கைப் பழக்கம் பிறவியிலேயே வருவது. அதட்டி மாற்றினால் வேகமும் ஆசையும் குறையும். மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கை வலிக்குக் காரணம் பெரும்பாலும் நோட்டு வைக்கும் விதம். வலக்கைக்காரர் கோட்டை இழுக்கிறார், இடக்கைக்காரர் தள்ளுகிறார், எழுதியதைக் கை மறைக்கவும் செய்கிறது. அதைப் பார்ப்பதற்காக மணிக்கட்டை மேலே கொக்கி போல வளைக்கிறாள், வலி அங்கேதான். நோட்டை அவள் உடம்பின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் தள்ளி, இடது மேல் மூலை உயர்ந்து நிற்கும்படி 30 பாகை சாய்த்து வையுங்கள். கை வரிக்குக் கீழே இருக்க வேண்டும். பென்சிலை முனையிலிருந்து 3 செ.மீ. மேலே பிடிக்கட்டும், அந்த இடத்தில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிவிடுங்கள். எச்.பி.க்குப் பதில் 2பி பென்சில் கொடுத்தால் அழுத்தாமலே கருப்பாக விழும். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரம் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நாள் முழுக்கப் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிபடுவாள்.

எந்தக் கையானாலும் ஒன்று பொது: கால் தொங்கக் கூடாது. நாற்காலி உயரம் என்றால் காலுக்கு ஒரு மணைப்பலகை. தரையில் உட்கார்ந்தால் முன்னால் ஒரு சின்னச் சாய்வு மேசை. படுத்துக்கொண்டு எழுதும் எழுத்து சரியாக வராது.

கைபேசியில் கதை கேட்பது படிப்பாகுமா?
– அரியாங்குப்பம்

காதுக்குப் பயிற்சி ஆகும், கண்ணுக்கு ஆகாது. கேட்கும் கதையின் புத்தகமும் கையில் இருந்து, விரல் வரியில் ஓடினால் இரண்டும் ஆகும். பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் கொடுங்கள். அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள்.

மகன் ஐந்தாம் வகுப்பு. பேச்சில், கணக்கில் கெட்டிக்காரன். வாசிப்பு மட்டும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை போல. டியூஷன் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. எப்போது கவலைப்பட வேண்டும்?
– பாகூர்

முதலில் கண். புத்தகத்தை 30 செ.மீ.க்கும் கிட்டத்தில் பிடிக்கிறானா, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறானா, வரி தாண்டுகிறானா, படித்தால் தலைவலி என்கிறானா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றாலும் ஒரு தடவை கண் பரிசோதனை செய்துவிடுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசம். அடுத்து காது. அடிக்கடி சளி பிடித்துக் காது அடைக்கும் பிள்ளைக்கு ல, ள, ழ வேறுபாடு பிடிபடாது.

இரண்டும் சரி, பத்தாவது வயதிலும் பழகிய சொல்லை ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுத்துக்கூட்டுகிறான், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறான், வாயால் அழகாகச் சொல்லும் விடையை எழுத வராமல் தவிக்கிறான் என்றால் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அது அறிவுக் குறைவு இல்லை. அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ காட்டி, கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வுகளில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்டுப் பெறலாம். அதுவரை வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் படும் அவமானம் பிள்ளையை வாசிப்பிலிருந்து நிரந்தரமாக விரட்டிவிடும்.

பேத்திக்கு நான் எழுதிக் கொடுத்த 'லை', 'ணை' எல்லாம் தப்பு என்று அவள் டீச்சர் கோடு போட்டு அடித்துவிட்டார். நான் படித்த எழுத்து அதுதானே?
– ஒரு தாத்தா, நெல்லிக்குப்பம்

நீங்கள் கற்றது பழைய வடிவம் ஐயா. 1978-இல் தமிழ்நாடு அரசு, பெரியார் முன்வைத்த சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்தின் வடிவத்தை மாற்றியது. ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் இருந்த, தும்பிக்கை போன்ற வளைவு போய்விட்டது. ணா, றா, னா மூன்றும் சாதாரணத் துணைக்கால் பெற்றன. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறும் அதையொட்டி மாறின. பேத்தி எழுதும்போது புதிய வடிவமே இருக்கட்டும். ஆனால் வீட்டில் பழைய புத்தகமோ கடிதமோ இருந்தால் அந்தத் தும்பிக்கை எழுத்துகளை வாசிக்கச் சொல்லிக் கொடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது ரகசியக் குறியீடு மாதிரி, ஒரே மாலையில் பிடித்துக்கொள்வார்கள்.

ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பிள்ளைகளின் புத்தகங்கள் நனைந்து வீணாயின. இனி நனைந்தால் காப்பாற்ற வழி உண்டா?
– கடலூர் முதுநகர்

உண்டு, இரண்டு நாளுக்குள் கை வைத்தால். அதற்கு மேல் பூஞ்சை பிடித்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு மின்சாரம் இல்லாமல் இருந்த வீடுகளில் இதுதான் நடந்தது. நனைந்த புத்தகத்தை விரித்து இழுக்காதீர்கள், ஈரத் தாள் கிழியும். செங்குத்தாக நிறுத்தி நீரை வடியவிட்டு, 20 பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் துண்டு செருகி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். தாள் நனைய நனைய மாற்றுங்கள். வெயிலில் போட்டால் அட்டை முறுக்கிக்கொள்ளும். வழவழப்பான படப்புத்தகம் காய்ந்ததும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தாள் வேண்டும். உடனே நேரமில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிட்டு, வெள்ளம் வடிந்த பிறகு எடுத்து உலர்த்தலாம்.

ஐப்பசி பிறந்ததும் புத்தகங்களைத் தரை அலமாரியிலிருந்து பரணுக்கு ஏற்றிவிடுங்கள். பிள்ளைகள் தைத்து எழுதிய நோட்டுகள் நனைந்தால் பேனா மை கரைந்து ஓடும். பென்சிலில் எழுதியது காய்ந்த பிறகும் அப்படியே இருக்கும்.